ஆற்றுக்குள் காட்டிய பெட்டி

யுத்தம் கடுமையாக நடந்துகொண்டிருந்த காலம். நான் கண்டியில் பொறியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். மண்சரிவை முன்கூட்டியே அறிவிக்கும் சின்னக் கருவிகளைக் குண்டசாலைப் பக்கம் ஒரு சரிவில் வைத்துச் சோதிப்பதுதான் எங்கள் வேலை. மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பற்றரி, வயர், வெளியே நீட்டிக்கொண்டு ஒரு அன்ரனா. யார் பார்த்தாலும் குண்டு என்றுதான் சொல்வார்கள். பொலிஸ் அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. ஆனால் நான் யாழ்ப்பாணத்தவன். கடிதத்தை வாசிக்க முன்னரே அடையாள அட்டையில் பிறந்த இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

நானும் என் நண்பனும் பதினொரு பெட்டிகளைப் புதருக்குள் மறைவாக வைத்தோம். ஒன்றை மட்டும் வழியோரம், ஒரு வீட்டு வேலியடியில் வைக்கவேண்டி வந்தது. அந்த வீட்டுச் சிங்களப் பெண் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள். எனக்கு அவர் பார்வையே பிடிக்கவில்லை. ஆமியிடம் போய்ச் சொல்லிக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே வேலையை முடித்தேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் வேலியடிப் பெட்டியைக் காணோம்! மேல் ரோட்டில் ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தார்கள்.

பெட்டி எங்கிருந்தோ சிக்னல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. சிக்னல் பலமாக இருந்தால் கிட்ட, குறைந்தால் தூரம். மண் சரிந்தால் பெட்டியும் நகரும்; மற்றப் பெட்டிகள் சொல்லும் தூரங்களை வைத்து அது இருக்கும் இடத்தைக் கணக்கிடுவதுதான் எங்கள் ஆராய்ச்சியே. லப்டொப்பைப் பார்த்த என் நண்பன், பிலிமத்தலாவை ஊர்க் கடைக்காரர் ஒருவரின் மகன், தலையில் கை வைத்தான்.

"டேய், மகாவலிக்கு நடுவுல நிக்குதுன்னு காட்டுதுடா!"

"உனக்கென்ன விசரே? அது எப்பிடி ஆத்துக்குள்ள போகும்? திரும்பப் பார்."

திரும்பப் பார்த்தால் எதிர்க்கரை. இன்னொரு தரம் பார்த்தால் வேறெங்கோ. ஒன்றும் விளங்காமல் ஆற்றங்கரைக்கு ஓடி, பைத்தியம் பிடித்தவர்கள் போலத் தேடினோம்.

வெறுங்கையோடு திரும்பியபோது ஆமிக்காரர் அந்த வீட்டையும் சோதித்துவிட்டு அப்பால் போயிருந்தார்கள். அந்தப் பெண் கை காட்டி எங்களைக் கூப்பிட்டார். சரி, முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். குசினிக்குள் அழைத்துப்போய், பெரிய அலுமினியப் பானையின் மூடியைத் தூக்கினார். உள்ளே எங்கள் பெட்டி!

காலை முழுவதும் நாங்கள் தமிழில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. "ஆமி இதைக் கண்டால் உன்னைத்தானே மல்லி பிடிப்பார்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். மல்லி என்றால் தம்பி. பானைக்குள் அடைபட்டதால் சிக்னல் குறைந்து, வேலியிலிருந்து இருபது அடியில் இருந்த பெட்டி ஆற்றுக்குள் இருப்பதாகக் காட்டியிருக்கிறது. பெட்டியை வாங்கிக்கொண்டேன். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அது என்ன பெட்டி என்று நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை. குண்டாக இருக்குமோ என்று ஒரு நிமிடமாவது நினைத்திருப்பார்தானே? பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் அதை ஏன் தூக்கிக்கொண்டு போனார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று நான் ஆமிக்காரரைவிட அவருக்குத்தான் அதிகம் பயந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.