பத்து லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று

நீரேற்று நிலையத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. பதினாறு வருஷமாக அந்த எந்திரத்தோடுதான் பிழைப்பு. குடியிருப்பும் பின்னறையில்தான், படுத்தபடியே ஜன்னல் வழியாகச் சுவர்மானி தெரியும்.

அவள் மட்டும் ஒரு தட்டலைக் கேட்டாள். கிட்டத்தட்ட பன்னிரண்டு நாளுக்கொரு தரம், யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டுவதுபோல ஒரே ஒரு தட்டு. எண்ணெய் விடுகிறவர், "அக்கா, காதுக்கும் ரெண்டு சொட்டு விடட்டுமா?" என்றார். பேச்சு மேலே போயிற்று. மனசு சரியில்லாதவளை எந்திரத்தருகே வைக்கக்கூடாதென்று பொறியாளர் தாள் தயார் செய்துவிட்டார். அவள் சம்பளத்தை நம்பி இரண்டு பிள்ளைகள்.

சக்கரத்தில் ஒரு பல் கடந்தால் மானியில் ஓர் எண் ஏறும். நொடிக்கு ஒரு பல். ஒவ்வொரு தட்டலுக்கும் மானியைக் குறித்துவைத்தாள். இடைவெளி எப்போதும் 10,09,091. அதை இரண்டில் தொடங்கி வகுத்துப் பார்த்தாள். தொண்ணூற்றாறு வரை பிடிகொடுக்கவில்லை. தொண்ணூற்றேழில் மீதியில்லாமல் தீர்ந்தது. ஈவு 10,403, அது நூற்றொன்றாகவும் நூற்றுமூன்றாகவும் உடைந்தது. அதற்குமேல் உடைய மறுத்தது. சாக்கட்டியோடு போய், சுற்றச்சுற்றப் பற்களை எண்ணினாள். முதல் சக்கரத்தில் தொண்ணூற்றேழு, அடுத்ததில் நூற்றொன்று, கடைசியில் நூற்றுமூன்று. மூன்றிலும் ஒவ்வொரு பல் சிதைந்திருந்தது. அவற்றில் புள்ளி வைத்தாள். மூன்றும் ஒருசேர வர அத்தனை நொடி ஆகும். அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த தட்டலுக்கு அவள் சொன்ன நாளில், பகல் பதினொரு மணிக்குப் பொறியாளர் வந்தார். அறுநூறு பல் பாக்கியிருக்கும்போது, அவள் வந்த நாள்முதல் நிற்காத எந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"இப்பவும் கேட்டுச்சுன்னா, தட்டுறது சக்கரம் இல்லம்மா. உங்க காதுதான்."

"சுத்தாத சக்கரம் எப்படி சார் தட்டும்?" என்று சிரித்தாள்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது நிமிடம் முடிந்தது. அசையாத சக்கரங்களுக்குள்ளிருந்து ஒரு தட்டு.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பொறியாளரின் பேனா தாளில் குறுக்கே கோடு இழுத்திருந்தது.

"ஏதாவது... கேட்டுச்சா?"

"இல்ல சார். உங்களுக்கு?"

"எனக்கென்ன கேக்கப்போகுது."

தாளைக் கிழித்துப்போட்டார். வேலைக்குத் தகுதியானவள் என்று வேறொன்றில் எழுதிக் கையெழுத்திடாமல் இருக்க முடியவில்லை அவரால். எழுதினார், கையெழுத்திட்டார், குடையை மறந்துவிட்டுப் போனார்.

அவள் எந்திரத்தை ஓட்டினாள். அறுநூறு பற்களையும் நின்றபடியே எண்ணினாள். மானி குறித்த எண்ணைத் தொட்டது. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டுக்கு வந்தன. சத்தமே இல்லாமல் கடந்துபோயின.