ஐஸ் பெட்டிக்குள் ஐந்தாவது ஆள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கோட்டைக்குப்பத்தில் மூன்று மீனவர்கள் ஒரு படகுக்குள் புகுந்து குற்றவாளிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் அவர்களுடைய சொந்தப் படகு இருநூறு அடி தள்ளி, பழவேற்காடு ஏரிக்கரையில் சும்மா கிடந்தது.

முதல் படகு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. இரண்டாவது நிஜம். பிரச்னை அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவு’ ஒரு கடையை மூடும் அளவுக்குப் போய்விட்டது.

கடை செல்வியுடையது. மீஞ்சூரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் ஆறு வருடம் சொல்லிக்கொடுத்தவர். எனக்குத் தமிழ் டைப்பிங் வந்தது அவரால்தான். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்று நின்றுகொண்டே போய் வந்தவர். வகுப்பை மூடியபோது அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர்களில் நான்கை வாங்கிக்கொண்டு போய், சொந்த ஊரில் ஒற்றை அறையில் கடை வைத்தார். காலையில் சாதிச் சான்றிதழ், பட்டா, ஹால் டிக்கெட். மாலையில் கேம்.

சனிக்கிழமைகளில் இறால் வாங்கப் போனால் அந்தக் கடையில் அரை மணி நேரம் உட்காருவேன். இறால் வாங்கத்தான் போகிறேன் என்று வீட்டில் நம்புகிறார்கள்.

அங்கே எல்லோரும் விளையாடுவது ஒரே விளையாட்டு. நாம் சிறப்புப் போலீஸ் படை. தனியாகவோ, நான்கு பேர் வரை சேர்ந்தோ ஒரு கட்டடத்துக்குள் போக வேண்டும். துப்பாக்கி இருக்கிறது, ஆனால் கண்டபடி சுட முடியாது. கதவைத் திறக்கும் முன் அடியில் கண்ணாடியை நுழைத்து உள்ளே பார்க்க வேண்டும். ‘போலீஸ்! கையைத் தூக்கு!’ என்று எச்சரிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பட்டன். கையைத் தூக்கியவனைச் சுட்டால் மிஷன் அங்கேயே தோல்வி. கீழே விழுந்த துப்பாக்கியை எடுத்து ஒப்படைக்காவிட்டால்கூட மார்க் குறையும்.

நான் பதினெட்டு வருடம் கிரைம் செய்தி எழுதியவன். விதிகளை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் போலீஸை முதன்முதலாக அந்த ஸ்கிரீனில்தான் பார்த்தேன்.

இந்த விளையாட்டுக்கு அண்மையில் ஓர் எக்ஸ்பேன்ஷன் பேக் வந்தது. அப்படியென்றால்? பழைய வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையை இழுத்துக் கட்டுவோமே... அந்த மாதிரி. விளையாட்டு அதேதான். கூடுதலாக மூன்று மிஷன்கள், சில கருவிகள், புதுச் சீருடை. மூன்று மிஷன்களும் கடலோரத்தில் நடப்பவை. ஒன்று துறைமுகக் கிடங்கில், ஒன்று ஐஸ் ஃபேக்டரியில், மூன்றாவது நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய மீன்பிடி போட்டில்.

கோட்டைக்குப்பத்துக்கு இது போதாதா?

செல்வியின் இன்டர்நெட்டில் அந்தப் பேக் இறங்க இரண்டு நாள் ஆனது. இறங்கிய அன்றே நாற்காலிக்கு அடிதடி. கிடங்கு மிஷனை ஒரே மாலையில் முடித்தார்கள். ஐஸ் ஃபேக்டரியை மறுநாள். மூன்றாவதில் மாட்டிக்கொண்டார்கள்.

போட்டில் ஐந்து குற்றவாளிகள் என்று தகவல். நான்கு பேர் அகப்படுகிறார்கள். ஐந்தாவது ஆளைக் காணோம். மேல்தளம், இஞ்சின் அறை, படுக்கும் இடம், சமையல் கட்டு என்று எங்கே தேடினாலும் இல்லை. சரி, இல்லை போல என்று திரும்பினால் முதுகில் குண்டு. பத்து நாளாக இதே கதை.

இதில் தீவிரமாக இருந்தவர்கள் மூன்று பேர். செல்வியின் கணவர் தேசிங்கு, அவருடைய கூட்டாளிகள் மோகன், ஜான். இவர்களோடு கஜா என்று ஒருவர் உண்டு. நால்வரும் ஒரே படகில் பங்காளிகள். கஜா மட்டும் கடைப் பக்கம் வருவதில்லை. கம்ப்யூட்டர் என்றால் அவருக்குக் கண் எரியும்.

இப்போது பாடு பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை போட்டால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால் முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்தப் படகுகள், நாளைக்கு அந்தப் படகுகள். இந்த முறைக்குப் பெயர்தான் பாடு. ஒருவருடைய பாட்டில் இன்னொருவர் கை வைக்க மாட்டார். தன் பாட்டைத் தவறவிட்டவருக்கு மறுபடி சுற்றி வரும்வரை ஏரியில் இடமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை தேசிங்கு படகின் பாடு.

இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். தண்ணீர் ஓட்டம் மாறுவதற்குள் வலை இறங்கியாக வேண்டும். செல்வி யாருக்கோ சான்றிதழ் வாங்க பொன்னேரிக்குப் போயிருந்தார். கடைச் சாவி தேசிங்கு கையில். மணி ஒன்று. ‘ஒரே ஒரு ரவுண்டு’ என்று உட்கார்ந்தார்கள்.

உலகத்தில் யாராவது ஒரே ஒரு ரவுண்டு விளையாடி எழுந்ததுண்டா?

கஜா கரையில் நின்றார். போன் செய்தார். மூன்று பேர் காதிலும் ஹெட்போன். இரண்டரை ஆனது. மூன்று ஆனது. தேடிக்கொண்டு கடைக்கு வந்தவர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட வார்த்தைகள் இவை:

“ஏறு, ஏறு! போட்ல ஏறுடா! ஜல்தி!”

அவர் உள்ளே போகவில்லை. நேராக ஊர்த் தலைவர் எத்திராஜ் வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்யலாம், அதுவரை கடை மூடியிருக்கட்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். செல்வி தன் கையாலேயே பூட்டைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை செல்வியிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“அண்ணா, ஞாயித்துக்கெழம வந்து ரெண்டு வார்த்த சொல்றீங்களா? பேப்பர்ல இருந்தவரு, நீங்க சொன்னா கேப்பாங்க.”

“நான் என்ன சொல்றதும்மா?”

“எதுனா சொல்லுங்க. மூடுன்னு சொல்லிட்டா மறுபடியும் மீஞ்சூர் பஸ்லதான் தொங்கணும். என்னால ஆவாதுண்ணா.”

போனேன். கோயில் பக்கத்து ஷெட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். கஜா எழுந்து பேசினார்.

“நா வலய தோள்ல போட்டுகினு வெயில்ல நிக்கிறேன். இவனுங்க ஃபேனு காத்துல குந்திகினு போட்ல ஏறுறானுங்க. எந்த போட்லடா ஏறுனீங்க, பேமானிங்களா?”

கூட்டம் சிரித்தது. கஜா சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்கபா. பாடு வெறுமனே போனது சிரிப்பா?”

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பாடு வீணாகப் போவது அங்கே சாதாரண விஷயம் அல்ல. மற்றவர்கள் விட்டுக்கொடுத்து ஒதுங்கி நின்ற நாள் அது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். “இன்னா சார், நீங்க சொல்லுங்க. இந்த கேமு நல்லதா, கெட்டதா?”

வரும் வழியில் மனதில் எழுதி வைத்திருந்த நான்கு வாக்கியங்களும் சமயம் பார்த்துக் காணாமல் போயின. “விளையாடிப் பார்த்தால் தெரியும்” என்றேன். தப்பிக்கத்தான் சொன்னேன். அவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

“சரி. தொறம்மா கடைய.”

கூட்டம் அப்படியே கடைக்கு நகர்ந்தது. உள்ளே பத்துப் பேர், மீதிப் பேர் ஜன்னலில். தேசிங்கு, மோகன், ஜான் மூவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டார் தலைவர். அவரே நாற்காலியில் அமர்ந்து மவுஸைப் பிடித்தார். செல்வி போட் மிஷனைப் போட்டுவிட்டுப் பின்னால் நின்றார்.

“இன்னா பண்ணணும்?”

“ஆளப் பாத்தா மொதல்ல எச்சரிக்கணும் மாமா.”

ஸ்கிரீனில் ஒருவன் தெரிந்தான். தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்தினார். “டேய்! கைய தூக்குடா!”

“வாயால இல்ல மாமா... இந்தப் பட்டன.”

அவனைப் பிடித்தாயிற்று. அடுத்து சமையல் கட்டு. கதவு திறந்தது. கையில் எதையோ வைத்துக்கொண்டு ஒருவன் திரும்பினான். தலைவர் சுட்டுவிட்டார். ஸ்கிரீன் சிவப்பானது. மிஷன் தோல்வி.

“இன்னாம்மா, கைல இன்னாவோ வச்சிருந்தான்ல?”

“கரண்டி மாமா. அவரு சமையக்காரரு.”

ஜன்னலிலிருந்து ஒரு குரல்: “தலைவரே, சமையக்காரன போட்டுட்டியே, இனிமே சோறு யாரு ஆக்குவா?”

யார் முதலில் சிரிப்பது என்று தெரியாமல் எல்லோரும் காத்திருந்தார்கள். தலைவரே ஆரம்பித்து வைத்தார். “சுடாம இருக்கறதுதான் கஷ்டமா கீது” என்றார். அந்த விளையாட்டைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அதுதான்.

இரண்டாவது முறை செல்வி உட்கார்ந்தார். நிதானமாக நான்கு பேரைப் பிடித்தார். பிறகு வழக்கம்போல ஐந்தாவது ஆளைத் தேடும் படலம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற கஜா ஓர் அடி உள்ளே வந்தார். இன்னோர் அடி. ஸ்கிரீனைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

“இது போட்டே இல்ல” என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

“நங்கூரக் கயித்த எங்க கட்டிகிறான் பாரு. வலைய பொடவ மாதிரி மடிச்சி வச்சிகிறான். இத்த பண்ணவன் போட்ல கால வச்சதே கெடையாது.”

ஜன்னலிலிருந்து தேசிங்கு: “அதான் எங்களுக்கும் தெரியுமே!”

“தெரியுமா? அப்ப ஐஸ் பொட்டிய தொறந்து பாத்தீங்களா?”

“ஐஸ் பொட்டிலயா? அதுல எவன்டா குந்துவான்? வெறச்சி செத்துடுவான்.”

“அது உனக்குத் தெரியும். பண்ணவனுக்குத் தெரியுமா?”

செல்வி ஸ்கிரீனில் பின்தளத்துக்குப் போனார். ஐஸ் பெட்டி பெரியது, மூடி போட்டது. திறந்தார். உள்ளே, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில், துப்பாக்கியோடு ஒருவன். செல்வி பட்டனை அழுத்தினார். ‘போலீஸ்! கையைத் தூக்கு!’

தூக்கினான்.

கடை இரண்டாகிவிடும் போல ஒரு சத்தம். மோகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். பத்து நாளாக அந்த மூவரும் தோற்றது துப்பாக்கி பிடிக்கத் தெரியாததால் அல்ல. படகைப் பற்றி நன்றாகத் தெரிந்ததால். நம் தொழிலை அறியாத ஒருவன் அதை எப்படிக் கற்பனை செய்வான் என்று நமக்கு யோசிக்க வருவதில்லை. சினிமாவில் நிருபர்களைப் பார்க்கும்போதெல்லாம் நானும் இப்படித்தான் ஏமாறுகிறேன்.

சத்தம் அடங்கியதும் தலைவர் எழுந்தார்.

“ஆட்டம் சோக்காதான் கீது. ஆனா போன பாட்டுக்கு இன்னா பதிலு? நாளைக்கு இன்னொரு பேக்கு வரும். இன்னொரு பாடு போவும்.”

செல்விதான் பேசினார்.

“மாமா, ஏரிக்கு இருக்கற மாதிரி என் கடைக்கும் பாடு வச்சிடலாம். எந்த போட்டுக்கு அன்னிக்கு ஏரில பாடோ, அந்த ஆளுங்களுக்கு இங்க எடமில்ல. என் வூட்டுக்காரரா இருந்தாலும் சரி. அவங்க மறுநாள் வரட்டும். நாலு கம்ப்யூட்டரு, ஒரு போட்டுக்கு நாலு பேரு. நாற்காலிக்கு சண்டையும் வராது. சாவிய இனிமே யார் கைலயும் குடுக்கமாட்டேன்.”

கடைசி வரியை ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். தேசிங்கு வேறு பக்கம் பார்த்தார்.

தலைவர் கஜாவைக் கேட்டார். “உன் பாடுதான் போச்சு. நீ சொல்லு. ஒத்துக்கிறியா?”

செல்வியின் முகத்தை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

“ரெண்டு விஷயம்” என்றார் கஜா. “அடுத்த பாட்டுக்கு வலைய அவனுங்க மூணு பேருந்தான் தூக்கணும். நா கைய வீசிகினு வருவேன்.”

“சரி. ரெண்டாவது?”

“போட்டுக்கு நாலு சேருன்னா... ஒண்ணு எனக்கு.”

“ஒனக்குக் கண்ணு எரியும்னியே மச்சான்!” என்றார் ஜான், ஜன்னலிலிருந்து.

“எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது. நீ வாய மூடு.”

அவ்வளவுதான். கூட்டம் முடிந்தது. செல்வி பூட்டைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டார்.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் இப்படி ஒன்று நடந்திருந்தால் என்ன செய்திருப்போம்? கேம் கெடுதல் என்று ஒரு கூட்டம், சுதந்திரம் என்று ஒரு கூட்டம், வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு நாள் சண்டை. கடையை மூடு அல்லது திற என்பதைத் தாண்டி மூன்றாவதாக ஒன்று நமக்குத் தோன்றியிருக்குமா? ஒரே ஏரியை எல்லோரும் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு நான்கு கம்ப்யூட்டர் பெரிய விஷயமாகப் படவில்லை.

போன சனிக்கிழமை போயிருந்தேன். கடைச் சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறது. காலையில் சான்றிதழ் வாங்க வருபவர்களும் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். என் பெயரை எந்த நாளில் போடலாம் என்று கேட்டேன். செல்வி பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு ஏரில பாடு ஏதுண்ணா? சும்மா குந்திப் பாருங்க.”

குந்திப் பார்த்தேன். தேசிங்கு, மோகன், ஜான், கஜா நால்வரும் ஐஸ் ஃபேக்டரிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கஜாவுக்கு விதிகள் எல்லாம் அத்துப்படி ஆகிவிட்டன. எச்சரிக்காமல் ஒரு குற்றவாளியைக்கூட அவர் சுடுவதில்லை.

மோகனை மட்டும் இரண்டு முறை சுட்டிருக்கிறார். கை தவறி என்கிறார்.