அம்மா ஓடி ஏறிய மலை

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, வீட்டருகே இருக்கும் மோர்டன் பூங்காவின் மேட்டுக்கு நாளுக்கு ஒருதரமாவது நடந்து ஏறவேண்டும் என்று அம்மாவுக்கு டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் பாதியிலேயே பாதையோர வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"இனி ஏலாது, வீட்ட போவம்."

அப்போது காற்றடித்தது. பக்கத்து ஆஸ்பென் மரம் சளசளத்தது. எனக்கு மறுபடி ஒன்பது வயதாகியது.

அன்று நாங்கள் சுவிஸில் இருந்தோம். உணவகத்தில் கோப்பை கழுவிய அப்பாவுக்கு அபூர்வமாக ஒரு ஞாயிறு லீவு கிடைத்ததும் மலையேறப் போனோம். அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் பழைய ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். அவர் தோள்பையில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டிய பாணும் கட்டைச் சம்பலும் மணத்தன. இலையுதிர்காலம். பாதை நெடுக ஆஸ்பென் மரங்கள் பச்சை விட்டு மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

பாதி வழியில் அப்பா ஒரு கல்லில் குந்திவிட்டார். "காணும், இறங்குவம்."

அந்நேரம் காற்று வந்தது. இலைகளெல்லாம் ஒன்றாக நடுங்க, தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோலவே சத்தம் எழுந்தது.

"மழை வருது, ஓடுங்கோ!"

அம்மா சேலையைத் தூக்கிச் செருகி, என் கையைப் பிடித்துக்கொண்டு, உச்சியில் தெரிந்த மரக்குடிலை நோக்கி ஓடினார். தடியூன்றி ஏறிய சுவிஸ்காரர்கள் விலகி வழிவிட்டார்கள்.

உச்சியில் ஒரு துளியும் இல்லை. நல்ல வெயில். எங்கள் காலுக்குக் கீழே மலை முழுக்க மஞ்சள்.

கடைசியாக வந்த அப்பா மூச்சு வாங்கினார். "எங்கையப்பா மழை?"

"வராட்டிப் போகட்டும். ஏறியாச்சுத்தானே!" அம்மா இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தார்.

இப்போது நான் அம்மா இருந்த வாங்கருகே குனிந்தேன். "அம்மா, மழை வருது."

அவர் தெளிந்த வானத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஓடு!"