வாழைப்பழத்தில் செருகிய ஊதுபத்தி

1. அடித்துவிட்ட ஐந்தாவது விதி

ஒகாடா சார் மலைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜப்பானிலிருந்து பட்டுப்புழு நிபுணர் ஒருவர் மூன்று மாதம் எங்கள் முட்டை உற்பத்தி நிலையத்தில் தங்கப்போகிறார். அவர் நாட்டு வழக்கங்களை ஊழியர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எதையும் பட்டியலாக எழுதினால்தான் மனதில் நிற்கும். எழுதி ஆய்வு அறைக் கதவில் ஒட்டினேன்.

ஒன்று: வீட்டுக்குள் செருப்புடன் நுழையமாட்டார்கள்.
இரண்டு: விசிட்டிங் கார்டை இரு கைகளால் கொடுப்பார்கள், நாமும் இரு கைகளால் வாங்க வேண்டும்.
மூன்று: பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்தவர் எதிரிலேயே பிரிக்கமாட்டார்கள்.
நான்கு: ஒருவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதக் கூடாது.
ஐந்து: சோற்றில் சாப்பிடும் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது.

சுற்றறிக்கையில் காரணம் எதற்கும் எழுதியிருக்கவில்லை. அட்டெண்டர் பச்சையப்பன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நாம கையாலதானே துண்றோம், குச்சிக்கு எங்க போறது? அஞ்சாவத அடிச்சிடுங்க மேடம்" என்றார். நியாயமாகப் பட்டது. அடித்துவிட்டேன்.

அவர் வந்த அன்று மதியம் சாப்பாடு போட்டோம். இலையில் சோற்றைக் குவித்தார் பச்சையப்பன். ஈ மொய்த்ததால் ஒரு வாழைப்பழத்தில் இரண்டு ஊதுபத்திகளைச் செருகி இலைக்கு முன்னால் நிறுத்தினார். ஒகாடா சார் உட்காரப் போனவர் அப்படியே நின்றார். சோற்றைப் பார்த்தார், ஊதுபத்தியைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு கைகூப்பித் தலைகுனிந்துவிட்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். "இன்னா பக்தி பாருங்க" என்றார் பச்சையப்பன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2. மூன்று ஜோடிச் செருப்பு

நான் விலங்கியல் படித்து, பட்டுப்புழு வளர்ப்பில் பயிற்சி முடித்து, அந்த நிலையத்தில் மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது.

ஒகாடா சாருக்கு நாற்பது வயது இருக்கும். காலையில் ஆறரைக்கு முற்றத்தில் நின்று கையை வீசி உடற்பயிற்சி செய்வார். அவர் ஊரில் ரேடியோவில் வரும் இசைக்கு எல்லோரும் சேர்ந்து செய்வார்களாம். இங்கே ரேடியோவில் வேறு ஏதாவது போகும். அவர் வாயாலேயே எண்ணிக்கொள்வார். பால் கலந்த டீயை மருந்து மாதிரி விழுங்குவார். அவர் ஆங்கிலம் மெதுவானது. எங்களுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

வந்த மூன்றாம் நாள் செருப்பு வாங்கிவரச் சொன்னார். புழு அறைக்கு ஒரு ஜோடி, ஆய்வு அறைக்கு ஒரு ஜோடி, கக்கூஸுக்கு ஒரு ஜோடி. ஒன்றைப் போட்டுக்கொண்டு மற்ற இடத்துக்குப் போகக் கூடாது. அவர்கள் வீடுகளிலும் கக்கூஸ் செருப்பு தனியாம். "கோயில் வாசல் மாரி கீதே சார்" என்று அலுத்துக்கொண்ட பச்சையப்பன் மறுநாளே கக்கூஸ் செருப்போடு புழு அறைக்குள் போய்விட்டார். ஒகாடா சார் திட்டவில்லை. பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுத்தார், அவ்வளவுதான். பிறகு அவரே வாளியும் கிருமி கொல்லும் ஃபார்மலினும் எடுத்து, முழங்காலிட்டுத் தரையைத் துடைத்தார். அதன்பின் பச்சையப்பன் செருப்பு மாற்ற மறந்ததே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். புழு வளர்க்கும் வீடுகளில் பட்டுப்புழுவை வெறும் புழு என்று சொல்லமாட்டார்களாம், மரியாதை சேர்த்துத்தான் சொல்வார்களாம். நான் இதைத் தமிழில் சொன்னதும் பச்சையப்பன் புழுத் தட்டின் முன் குனிந்து, "புழு சார், எழுந்துட்டீங்களா? டிபன் ஆச்சுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பட்டுப்புழு முட்டை ஒட்டிய அட்டை கேட்டு வந்து நின்ற காசியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இதுல இன்னா சிரிப்பு? எங்க ஊர்ல மத்த வூட்ல எல்லாம் அதுங்களுக்கு எல போட்டுட்டுத்தான் துண்றாங்க. சார்னு கூப்ட்டா கொறஞ்சா பூடும்?"

காசியம்மா ஓடைக்கு அப்பால் இருந்த பன்னிரண்டு வீட்டுச் சிற்றூரைச் சேர்ந்தவர். சாமை விதைத்துக்கொண்டிருந்த ஒரே சமநிலத்தில் மல்பெரி நடக் கணவர் சடையனைச் சம்மதிக்கவைத்தவர். "செடிய நட்டு புழுவுக்கா சோறு போடுவ?" என்று வேற்றூர்ப் பங்காளிகள் கேலி செய்தார்கள். ஒரு தரம் பார்ப்போம், சரிவராவிட்டால் பிடுங்கிவிட்டுச் சாமையே விதைப்பது என்று சடையன் கெடு வைத்திருந்தார். அந்த ஒரு தரத்துக்கான முட்டைக்குத்தான் காசியம்மா வந்திருந்தார்.

3. நான் செய்தது

புதிதாக வருபவர்களுக்கு வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெப்ரின் என்ற நோய் தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து புழுவுக்கும் போகும். முட்டையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதல்ல. எனவே முட்டையிட்டு முடித்த ஒவ்வொரு தாயையும் தனித்தனியாகப் பொட்டாஷ் கரைசலில் அரைத்து, ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். ஒரு சொட்டில் ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும். பளபளப்பான முட்டை வடிவப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் அந்தத் தாயின் முட்டைகள் நெருப்புக்கு.

ஒரு சனிக்கிழமை எனக்கு முன்னால் நிறையத் தாய்கள் மீதியிருந்தன. மூன்று மணிக்கு செங்கம் பஸ். அதை விட்டால் திங்கள்கிழமைதான். ஒகாடா சார் வேறு ஊருக்குப் போயிருந்தார். நான் நான்கு நான்கு தாய்களாகச் சேர்த்து அரைத்தேன். ஐந்து இடம் பார்ப்பதற்குப் பதில் இரண்டு இடம் பார்த்தேன். எல்லாம் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் சீட்டும் கிடைத்தது.

அந்த அட்டைகள் முழுதும் காசியம்மாவுக்குப் போயின.

4. மிளகுப் புள்ளி

நான்காம் தோலுரிப்பு முடிந்த நேரத்தில் அந்தச் சிற்றூருக்குப் பார்வையிடப் போனேன். இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்ட வேண்டிய புழுக்கள். காசியம்மா வீட்டுத் தட்டுகளில் ஒன்று விரல் நீளம், ஒன்று அதில் பாதி. சிலவற்றின் தோலில் மிளகுப்பொடி தூவியதுபோலப் புள்ளிகள். நான்கைந்தைக் குப்பியில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு ஓடிவந்து பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் பொட்டு பளபளத்தது. பதிவேட்டைத் திருப்பி அந்தச் சனிக்கிழமைக் கையெழுத்தையும் பார்த்தேன்.

விதி இதுதான். ஒரு தட்டில் இருந்தால் வீட்டிலுள்ள தட்டு அத்தனையும் அன்றே எரிக்க வேண்டும். தாமதித்தால் இலை வழியாக, கை வழியாக, காலோடு ஒட்டிய கழிவு வழியாக மற்றப் பதினோரு வீட்டுக்கும் போகும்.

திரும்பிப் போய்க் காசியம்மாவிடம் சொன்னேன். நோய் எப்படி வரும், எப்படிப் பரவும், ஏன் எரிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். நான்கு காரணம் சொன்னதாக நினைவு. எல்லாம் சரியான காரணங்கள்.

"நீதான பாத்து நல்லதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்த?" என்றார். அதுவரை 'மேடம்' என்றவர்.

"சில நேரம் மைக்ராஸ்கோப்பிலயே தெரியாம போயிடும்…"

"எங்களுக்கு நோவு வந்தா எங்களையும் கொளுத்துவியா? இந்த நாலு செவுத்துக்குள்ள கால வெச்ச, அவ்ளோதான். போ."

உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். சடையன் அரிவாளோடு மல்பெரிக் கொல்லை ஓரத்தில் நின்றிருந்தார். அரிவாளைப் பார்த்ததுமே திரும்பி நடந்தேன்.

5. கோழி நடந்துபோகும் நேரம்

ஒகாடா சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான்கு நான்காக அரைத்தது, மூன்று மணி பஸ் உட்பட. அவர் பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மன்னிப்புக் கேட்டாயா?"

"காரணங்களை விளக்கினேன்."

"விளக்கம் பிறகு" என்றார்.

எங்கள் துறையில் விவசாயியிடம் யாரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் தப்பு நம்முடையது என்று ஆகிவிடும், மெமோ வரும் என்பார்கள். இதை அவரிடம் சொன்னேன். தப்பு நம்முடையதுதானே என்று பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வெயிலில் நாற்பது நிமிடம் நடந்தோம்.

காசியம்மா வீட்டு வாசலில், வீட்டுக்கு வெளியிலேயே, அவர் ஷூவைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து இடுப்பிலிருந்து மடங்கிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நானும் குனிந்தேன். எனக்குத் தரை மட்டும் தெரிந்தது. ஒரு கோழி எங்கள் கால்களுக்கு முன்னால் மெதுவாக நடந்துபோனது.

தாழ் திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னா இது? எத்தயாச்சும் தேடுறீங்களா?"

"மன்னிப்புக் கேக்கறோம்" என்றேன், தரையைப் பார்த்தபடி.

"அய்யோ, நிமிந்து நிக்கச் சொல்லும்மா அந்த ஆள. பெரிய ஆபீசரு, கோட்டு போட்டுக்கினு… பாக்கறவங்க எங்கள இன்னான்னு நெனப்பாங்க?" என்று சடையன் பதறினார்.

ஒகாடா சார் நிமிரவில்லை. ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "சோதனைக்குப் பொறுப்பு நான். நான் இல்லாத நாளில் நடந்தாலும் பொறுப்பு நான்தான்."

அதை அப்படியே தமிழில் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்த நொடியில் அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"அவர் தன்மேல போட்டுக்கறார்" என்றேன். "தப்பு அவரோடது இல்ல. நான் பண்ணது. ஒண்ணொண்ணாப் பாக்க வேண்டியத நாலு நாலாப் பாத்தேன். அஞ்சு எடம் பாக்கறதுக்கு ரெண்டுதான் பாத்தேன்."

"ஏன்?"

"மூணு மணி பஸ்ஸப் புடிக்க."

"பஸ்ஸு கெடச்சுதா?" என்றார் காசியம்மா.

"கெடச்சுது."

"ஒக்கார எடம்?"

"கெடச்சுது."

"நல்லா இரு தாயே" என்றார். அதைவிட அவர் அடித்திருக்கலாம்.

பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "பக்கத்து வூட்டு புழுவெல்லாம் நல்லா கீதா?" என்று கேட்டார். இதுவரை நன்றாக இருக்கிறது, இன்றே எரித்தால் தப்பிக்கும் என்றேன்.

"சரி. ஆனா பசியோட அனுப்ப மாட்டேன். மத்தியான எல போடல இன்னும். போடுவேன், தின்னட்டும். அப்புறம் நானே தூக்கினு வர்றேன். நீங்க யாரும் தொட வேணாம்."

ஒரு வேளை இலை வீண், நேரமும் வீண் என்று என் மூளை கணக்குப் போட்டது. ஒகாடா சாரிடம் மொழிபெயர்த்தேன். அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. "தயவுசெய்து" என்று மட்டும் சொன்னார்.

புழுக்கள் இலை தின்னும்போது மழை தூறுவது போலச் சத்தம் வரும். நாங்கள் நால்வரும் வெளியே நின்று அது அடங்கும்வரை கேட்டோம்.

6. குழி

கொல்லைக்குக் கீழே சடையனே குழி வெட்டினார். காசியம்மா ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து கவிழ்த்தார். தீ வைக்கும் முன் ஒகாடா சார் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஊதுபத்தி கிடைக்குமா? அவர் ஊரில் ஆராய்ச்சிக்கூடங்களில்கூட, சாகடித்த உயிர்களுக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஊதுபத்தி வைத்து வணங்குவார்களாம். பட்டுப்புழுவுக்குக் கல் நட்ட ஊர்களும் உண்டாம்.

காசியம்மா வீட்டில் ஊதுபத்தி இருந்தது. எதில் நிறுத்துவது என்று பார்த்து, ஒரு வாழைப்பழத்தை எடுத்துவந்து இரண்டைச் செருகிக் குழி ஓரத்தில் வைத்தார். ஒகாடா சார் அதைப் பார்த்ததும் அவர் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது.

"நான் வந்த முதல் நாள் நீங்கள் எனக்கும் இப்படித்தான் வைத்தீர்கள்" என்றார். "குவித்த சோறு, முன்னால் ஊதுபத்தி. எங்கள் ஊரில் அது செத்தவருக்கு வைப்பது. சோற்றில் குச்சியைக் குத்துவதும் அதற்குத்தான். யார் செத்தது என்று யோசித்தேன். நான்தான் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். நன்றாகச் சமைத்திருந்ததால் சாப்பிட்டேன்."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் சடையன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். காசியம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு அவரே தீ வைத்தார்.

வீட்டை ஃபார்மலின் போட்டு நானும் பச்சையப்பனும் கழுவினோம். முழங்காலிட்டுத்தான் கழுவினேன். மற்றப் பதினோரு வீடுகளிலும் புழுக்கள் கூடு கட்டின. எனக்கு மெமோ வந்தது. கோப்பில் இன்னும் இருக்கிறது. சடையன் மல்பெரியில் இரண்டு வரிசையைப் பிடுங்கிவிட்டிருந்தார். மூன்றாவது வரிசையில் காசியம்மா போய் உட்கார்ந்துகொண்டாராம்.

7. கற்றது

கதவில் ஒட்டிய பட்டியலில் ஐந்தாவது விதியைத் திரும்ப எழுதினேன், காரணத்தோடு. காரணம் தெரியாத விதியை அடித்துவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. ஐந்து இடம் பார்க்க வேண்டும் என்பதையும் அப்படித்தான் இரண்டாக்கியிருந்தேன். ஆறாவதாக ஒன்று சேர்த்தேன்: தப்பு நம்முடையது என்றால் முதலில் மன்னிப்பு, பிறகு விளக்கம். அது ஜப்பான் வழக்கமா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். இந்த அறையின் வழக்கம் என்று சொல்கிறேன்.

ஒகாடா சார் ஊர் திரும்பிய பிறகு அடுத்த பருவத்துக்கு முட்டை வாங்கக் காசியம்மா வந்தார். அன்றும் சனிக்கிழமை. அட்டையைக் கையில் வாங்காமல் என்னையே பார்த்தார்.

"எத்தன எத்தனயாப் பாத்த?"

"ஒண்ணொண்ணா."

"எத்தன எடம்?"

"அஞ்சு."

சுவரிலிருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். நாலரை ஆகியிருந்தது.

"பஸ்ஸு?"

"போயிடுச்சு."

"அப்ப குடுங்க மேடம்" என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.