கால் இல்லாத ஆடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டேன். இலையில் அப்போதுதான் சாம்பார் ஊற்றியிருந்தார்கள்.

அவள் பெயர் சரோஜா. என் சித்தப்பாவின் மருமகள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து கல்யாணத்துக்காக அருப்புக்கோட்டை வந்திருந்தாள். உட்கார்ந்ததிலிருந்து முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டே இருந்தாள்.

“என்னடி, கொசுவா?” என்றேன்.

“கொசு இல்ல மதினி… கண்ணுக்குள்ள ஒரு நூலு ஓடுது. காலையில இருந்து.”

அவ்வளவுதான். “எந்திரி” என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிற கண் டாக்டர் ஒருவர் பஜாருக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். பட்டுப்புடவையோடு இரண்டு பேரும் போய் நின்றோம். சொட்டு மருந்து விட்டார், காத்திருக்கச் சொன்னார், விளக்கை அடித்து உள்ளே பார்த்தார்.

“ஒண்ணுமில்லம்மா. கண்ணுக்குள்ள கூழ் மாதிரி ஒண்ணு இருக்கு. வயசாக ஆக அது நூலு நூலாத் திரியும். அதோட நிழல்தான் உங்களுக்குத் தெரியுது. பழகிரும்.”

வெளியே வந்தோம். சரோஜா “ஐயோ!” என்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். வெயில் கூடினால் கண்பாவை தானாகச் சுருங்கும். மருந்து விட்ட கண்ணில் அந்தக் கதவு மூடாது. அருப்புக்கோட்டையின் மத்தியான வெயில் மொத்தமும் உள்ளே போகும். மண்டபத்துக்குத் திரும்பினால் பந்தி முடிந்திருந்தது. பாயசம் போச்சு. மணப்பெண்ணின் புடவை என்ன கலர் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. இன்றுவரை என்னோடு பேசவில்லை.

பேசாவிட்டால் போகட்டும். கண்ணில் நூல் ஓடுகிறது, பூச்சி பறக்கிறது என்று யார் சொன்னாலும் என்னால் உட்கார முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தனபாலுக்கு மிளகாய் வத்தல், மல்லி வியாபாரம். அருப்புக்கோட்டையில் கடை இருக்கிறது… ஆனால் கடையில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. காலையில் மோட்டார் பைக்கை உதைத்தால் திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் வருவார். வீட்டிலும் உட்கார மாட்டார். தட்டைக் கையில் ஏந்தி நடந்துகொண்டே சாப்பிடுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அவருக்கு நல்ல கண் ஒன்றுதான். சின்ன வயதில் தெருவில் விளையாடும்போது கிட்டிப்புள் பறந்து வந்து இடது கண்ணில் பட்டது. அந்தக் கண்ணுக்கு ஆள் வருவது தெரியும். யார் வருகிறார் என்று தெரியாது. மற்ற எல்லாம் வலது கண் பார்த்துக்கொண்டது.

பல வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஊரில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். பங்குனி கடைசி. நரிக்குடிப் பக்கம் ஒரு களத்தில் வத்தல் சிவப்பாகக் காய்ந்து கிடக்கிறது. பொழுது இறங்கும் நேரம். இவர் திடீரென்று கத்தியிருக்கிறார்.

“மேக்க மின்னுது! மழ வருது… வத்தல அள்ளுங்கப்பா, நனஞ்சா போச்சு!”

களத்தில் இருந்தவர்கள் அலறி ஓடி, சாக்கைப் பிடித்து, பாதி வத்தலை அள்ளிவிட்டார்கள். களத்துக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

“மொதலாளி… வானம் வெறுமையால்ல கெடக்கு. எங்க மின்னுச்சு?”

“இந்தா, ஓரத்துல… பாருங்க, இப்பக்கூட!”

திரும்பி நின்றார். இப்போது கிழக்கே மின்னியது. வடக்கே பார்த்தால் அங்கேயும் மின்னியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மின்னல் கூடவே வந்தது. அள்ளிய வத்தலை மறுபடி கொட்டிப் பரப்பினார்கள். இதை வீட்டில் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். நானும் சிரித்தேன்.

மறுநாள் கண் முன்னால் கறுப்பு கறுப்பாகப் பொடி பறந்தது. வத்தல் வியாபாரிக்குக் கண்ணில் தூசி விழுவது அதிசயமா? குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று நந்தியாவட்டைப் பூவைக் கண் மேல் வைத்துப் படுத்தார். படுத்தார் என்றா சொன்னேன்? ஒரு நிமிஷம் படுத்தார். பிறகு பைக் சத்தம் கேட்டது.

அன்றைக்கு மத்தியானமே சட்டை கிழிந்து, முழங்கையில் முள் ஏறி வந்து நின்றார்.

“என்னாச்சு?”

“ஆட்டுக் கூட்டத்துல வண்டிய விடப் பாத்தேன். கடைசி நேரத்துல ஹேண்டில ஒடிச்சதுல கருவேல முள்ளுல விழுந்தேன். ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல. ஆட்டுக்காரம்மாதான், ‘கண்ண எங்க வச்சுட்டு வாரீக’னு நல்லா ஏசிட்டாக.”

“ஏங்க, பட்டப்பகல்ல ஆடு தெரியலையா?”

“தெரிஞ்சுச்சு புள்ள! தலை தெரிஞ்சுச்சு, முதுகு தெரிஞ்சுச்சு. காலுதான் தெரியல. ரோட்டுக்கு மேல மெதந்து வந்துச்சுக. கானல்ல எட்டத்துல வர்ற ஆளுக்குக் காலு தெரியாதுல்ல… அப்பிடித்தான், தூரத்துல இருக்குனு நெனச்சுட்டேன்.”

நம் பக்கத்து ஆளுக்கு இது புரியும். வெளிச்சம் நேர்கோட்டில் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கோடையில் திருச்சுழி ரோட்டில் அது வளையும். தார் கொதித்து, அதன் மேலே இருக்கிற காற்றும் கொதிக்கும்போது, வானத்திலிருந்து இறங்கி வரும் வெளிச்சம் தரையைத் தொடாமலே வளைந்து நம் கண்ணுக்கு வந்துவிடும். ரோட்டில் தண்ணீர் கிடப்பதுபோல் இருக்கும். தூரத்தில் வருகிறவர்களின் கால் அந்த இல்லாத தண்ணீருக்குள் போய்விடும்.

ஆனால் இவர் மோதப்போன ஆடு பக்கத்தில் அல்லவா நின்றது?

எனக்கு என்ன தோன்றியதோ… அவரை ஜன்னல் பக்கம் இழுத்து நிறுத்தினேன். இடது கண்ணை என் கையால் மூடினேன்.

“என் கண்ணையே பாருங்க. அசையாம. என் கழுத்துச் செயின் தெரியுதா?”

“தெரியல.”

“தாடை?”

“பாதி… கீழ இருட்டா இருக்கு புள்ள. தண்ணி ஏறுற மாதிரி இருக்கு.”

தாடைக்குக் கீழே நான் இல்லை. அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, “உடனே மதுரைக்குப் போங்க. பஸ் வேண்டாம், தலை குலுங்கக் கூடாது” என்றார். வாடகை அம்பாசிடர் ஒன்றைப் பிடித்தோம். பின் சீட்டில் அவர் தலையை என் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். காரியாபட்டி ரோட்டில் அவ்வளவு பள்ளம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“தலைய விடு புள்ள. தேங்காயா அது?”

“பேசாம வாங்க. இப்ப எதுவரைக்கும் தெரியுது?”

“இப்பதான கேட்ட!”

கார் குதிக்கும். “இப்ப?” என்பேன். “அதேதான்” என்பார். மறுபடி குதிக்கும். “இப்ப?” டிரைவர் கடைசியில் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டார். அது இன்னும் மோசம்… நேரம் போகிறதே!

மதுரையில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு சொன்னார்.

“கண்ணுக்குப் பின்னாடி விழித்திரைனு ஒரு மெல்லிசான சவ்வு. அதுலதான் நாம பாக்கறது விழும். உங்களுக்கு மேல்பக்கம் கிழிஞ்சிருக்கு. கிழிசல் வழியா தண்ணி இறங்கி, சுவத்துல ஒட்டின தாள் மாதிரி கழண்டு வருது. நடுப்பகுதி இன்னும் கழலல. அது கழண்டா முகம், எழுத்து எதுவும் தெரியாது. தள்ளிப்போட முடியாது.”

“மின்னுச்சேம்மா, அது?” என்று கேட்டேன்.

“அந்த சவ்வை உள்ள இருந்து ஏதோ இழுத்திருக்கு. அதுக்கு வலிக்கத் தெரியாது. தட்டினாலும் இழுத்தாலும் வெளிச்சம்னுதான் சொல்லத் தெரியும்.”

இவர் அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு வார்த்தையில் நின்றுவிட்டார்.

“மேல்பக்கமா? எனக்குக் கீழதானம்மா மறைக்குது.”

“கண்ணுக்குள்ள எல்லாம் தலைகீழ்” என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் கூப்பிட்டார்கள். “இதோ வந்துடறேன்” என்று எழுந்து போனார்.

இவரும் எழுந்தார். “கெளம்பு.”

“எங்க?”

“வேற ஆளப் பாப்போம். இவுக எடத்த மாத்திச் சொல்றாக. கீழ மறைக்குதுங்கிறேன், மேல கிழிஞ்சிருக்குங்கிறாக. எனக்கு இருக்கிறது ஒண்ணு புள்ள. ஒண்ணே ஒண்ணு.”

கல்யாணமானதிலிருந்து அவர் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளே உதறல்தான். டாக்டர் தப்பாகச் சொல்லியிருந்தால்? சரியாகச் சொல்லி, இவர் எழுந்து போய், அந்த நடுப்பகுதியும் கழன்றுவிட்டால்?

மேஜை மேல் டாக்டரின் லென்ஸ் கிடந்தது. கனமான, உருண்டைக் கண்ணாடி. எனக்குப் பள்ளிக்கூடத்துப் பாடம் அரைகுறையாக ஞாபகம் வந்தது. லென்ஸை எடுத்தேன். அங்கே கிடந்த வெள்ளைத் தாள் ஒன்றை ஜன்னலுக்கு எதிரே பிடித்து, நடுவில் லென்ஸை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினேன். வெறும் வெளிச்சமாகப் பரவியது… சுருங்கியது… சட்டென்று தாளில் ஒரு வேப்பமரம் வந்து விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற மரம். இலை அசைவதுகூடத் தெரிந்தது. தலைகீழாக!

“இங்க பாருங்க. இந்த லென்சு உங்க கண்ணு. இந்தத் தாளுதான் அவுக சொன்ன சவ்வு.”

குனியாமல் பார்த்தார். உயர்த்திப் பிடித்தேன்.

“தாளுல மேல என்ன இருக்கு?”

“மரத்தோட அடி… தரை.”

“இப்ப இந்தத் தாளு மேல கிழிஞ்சா, மரத்துல உங்களுக்கு எது தெரியாது?”

தாளின் மேல் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். மரத்தடி அவர் நகத்தின் மேல் விழுந்தது. எடுத்தார். மறுபடி வைத்தார்.

“அடிதான் தெரியாது” என்றார் மெதுவாக. “ஆட்டுக்குக் காலு போச்சுல்ல… அப்பிடி.”

நாற்காலியில் உட்கார்ந்தார். கதவருகே டாக்டர் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ! “கைரேகை படாம வைங்கம்மா அதை” என்றார். கோபமா, சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கண்ணுக்குள் ஊசியால் ஒரு சொட்டு வாயு. அது குமிழியாக மேலே மிதந்து போய்க் கிழிசலை அழுத்திப் பிடிக்கும். சவ்வு ஒட்டிக்கொண்டதும் கிழிசலைச் சுற்றிலும் லேசர். வெளிச்சத்தைப் பார்க்கிற இடத்தை வெளிச்சத்தாலேயே ஒட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? கண்ணால் பார்த்த எனக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் அதைவிடக் கஷ்டமான வைத்தியம் பிறகுதான் ஆரம்பித்தது.

“நேரா உக்காரணும். படுக்கக் கூடாது, குனியக் கூடாது. தூங்கறதும் உக்காந்துதான். குமிழி இடம் மாறக் கூடாது.”

யாரைப் பார்த்து உட்காரச் சொல்கிறார்கள்!

உட்கார்ந்தார். தலை அசையாது. ஆனால் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். விரல் நாற்காலியில் தாளம் போடும். “லோடு போயிருக்குமா? கடையத் தொறந்தாகளா?” அவருக்குச் சேர்த்து நான்தான் நடந்தேன். வராண்டாவில் போவேன், வருவேன், எட்டிப் பார்ப்பேன். பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றும்போது கையில் கொட்டிக்கொண்டேன். நர்ஸ், “யாரும்மா இங்க பேஷண்ட்டு?” என்றார்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் ஒரு கூச்சல்.

“போச்சு! காத்து கீழ எறங்கிருச்சு. கீழதான் உருண்டையா ஆடுது. காத்துனா மேல போகணும்ல?”

நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். வாசலைத் தாண்டவில்லை. “ஏய், நில்லு நில்லு” என்றார். விரலைத் தூக்கி, எதிரே இல்லாத ஒரு தாளின் மேல் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். “மேல இருக்கிறதுனாலதான் கீழ தெரியுது… சரியாத்தான் இருக்கு.” அன்று முழுக்கப் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இதையே விளக்கினார். பாவம், அவர் கண் பிரஷருக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்.

குமிழி சுருங்கச் சுருங்க நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தேன். முதலில் தாடை. பிறகு கழுத்து, செயின். ஒரு காலையில் காபியை நீட்டினேன். டம்ளரை வாங்காமல் என் கையையே பார்த்தார்.

“என்ன புள்ள இது? கொப்புளமா கெடக்கு. எப்பச் சுட்டுக்கிட்ட?”

நான் வெளியே வராண்டாவுக்குப் போய்விட்டேன். அழுவதற்குக்கூட ஓரிடத்தில் நிற்க முடியவில்லை எனக்கு.

வலது கண்ணில் ஒரு மூலை மட்டும் இன்னும் மங்கல்தான். மற்றபடி தெளிவு. இப்போதும் பைக்கில்தான் சுற்றுகிறார். நடந்துகொண்டேதான் சாப்பிடுகிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும்போது டாக்டர் சொன்னது மட்டும் என்னை இன்னும் நிம்மதியாக இருக்க விடவில்லை. “ரெண்டு கண்ணும் நல்லா இருக்கறவங்க பெரும்பாலும் லேட்டாத்தான் வருவாங்க. ஒரு கண்ணுல மறையறதை இன்னொரு கண்ணு நிரப்பிக் காட்டிரும். மூளையும் குறையே இல்லாத மாதிரி ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்துரும். இவருக்கு மறைக்க ஆள் இல்ல. அதனாலதான் தெரிஞ்சுது.”

சரோஜா, கோபம் தீர்ந்தால் இதைப் படி. மற்றவர்கள் இப்போதே ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்த வரியைப் பாருங்கள்… ஆச்சா? சரி, இப்போது மற்றக் கண்.