அந்தத் தெருவில் நாங்கள் இறங்கவில்லை

வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்து சேர்ந்ததே, அதற்கு மறுநாள். ரோட்டோரப் புளியமரத்து நிழலில் ஏழெட்டுப் பேர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய சட்டை. திருச்சியிலிருந்து கோடியக்கரைக்குப் போகிறார்களாம். ஒரு பெண் டியூபை உருவிப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் தானாக நின்றுவிட்டது. சாராயம்கூட என்னை இப்படி நிறுத்தியதில்லை.

"என்ன தாத்தா பாக்குறீங்க? சைக்கிள் ரேஸ்லாம் பாத்திருக்கீங்களா?" என்றாள்.

"பாத்திருக்கேம்மா. பிரான்ஸ் தேசத்து ரேஸு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் டியூபை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எங்கள் ஊர் மிராசுத் தெரு வழியாகத்தான் போனார்கள், மணி அடித்துக்கொண்டு. அவர்களிடம் சொல்ல வேண்டியதைத்தான் உங்களிடம் சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கெட்ட வார்த்தையை மட்டும் விட்டுவிடுகிறாள்.

புயல் வந்து தென்னையையெல்லாம் வேரோடு சாய்த்துப் போட்டதே, அதற்கு அடுத்த ஆடி. கீழ்வேளூர் ரோட்டில் கோவிந்தன் சைக்கிள் கடை வைத்திருந்தான். எனக்கு மச்சான் முறை, என் வயதுதான். சிங்கப்பூரிலிருந்த அவன் மகன் கடைக்கு ஒரு டிவி வாங்கித் தந்திருந்தான். ரிமோட்டில் பாதி பட்டன் அமுங்காது. கிரிக்கெட் தேடப் போய், அது தானாக நின்ற இடத்தில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டோம். சாயங்காலம் ஆனால் அதுதான் வேலை என்று ஆகிவிட்டது.

முதல் இரண்டு நாள் மஞ்சள் சட்டைக்காரனை அம்பயர் என்று நினைத்திருந்தோம். கூட்டத்துக்கு நடுவிலேயே போகிறான், யாரையும் முந்தவில்லை, எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். வேறு யாராக இருப்பான்? பேங்க் சார் வந்துதான் விளக்கினார். அவர் மிராசு வீட்டுப் பிள்ளை. பட்டணத்தில் பேங்க் உத்தியோகம் பார்த்து, ரிட்டையர் ஆகி ஊருக்குத் திரும்பியவர். எங்களோடு ஒரே பெஞ்சில் உட்காருவார். அவர் அப்பாவை நாங்கள் கைகட்டி நின்று 'ஆண்டே' என்று கூப்பிட்டோம், இவரை 'சார்'. அதுவே அந்த ரேஸில் ஒரு நாள் ஓட்டம் ஜெயித்த மாதிரிதான்.

"மஞ்சச் சட்டைதான் முதல் ஆளு கோவிந்தா. ஒரு நாள் முந்துறது கணக்கில்ல. எல்லா நாளையும் சேத்துப் பாப்பாங்க."

"அப்ப இன்னைக்குத் தோத்தவன் தோத்தவன் இல்ல?"

"இல்ல. கணக்கு கடைசி நாள்தான்."

"அதான் சார் சரி," என்று கோவிந்தன் தொடையைத் தட்டினான்.

ரேஸில் மலை ஏறுகிற நாள்தான் சாருக்கு உயிர். முந்தின நாள் ஓட்டத்தை மறுபடி காட்டுவார்கள், அதையும் பார்க்கச் சீக்கிரமே வந்துவிடுவார். எங்களுக்கு மலையில் என்ன இருக்கிறது? இந்தப் பக்கம் பிறந்தவன் மலையை எங்கே கண்டான்! எங்களுக்குக் காற்றுதான் மலை. ஆடி மேல்காற்றில் எதிர்த்து மிதித்தவனிடம் கேளுங்கள்.

ஒரு நாள் ரேஸில் மேடே இல்லை. இரண்டு பக்கமும் வயல், நல்ல காற்று. ஒருத்தன் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போக, மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார்கள். அவன் களைத்து ஒதுங்கியதும் அடுத்தவன் முன்னே வந்தான். நாரைக்கூட்டம் பறக்கிற மாதிரி. அப்படியே ஒரு சின்ன ஊருக்குள் புகுந்து, வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"மச்சான், நம்ம போனது மாதிரியே போறானுவடா!" என்றான் கோவிந்தன்.

"எங்க போனீங்க?" என்றார் சார்.

கோவிந்தன் சொன்னான். என்ன சொன்னான் என்றால், இதுதான்.

அப்போது எங்களுக்கு இருபது வயது இருக்கும். தினமும் காலையில் கீழ்வேளூர் ரைஸ்மில்லுக்கு மூட்டை தூக்கப் போவோம். எதிர்க்காற்று. ஆளுக்குக் கொஞ்ச தூரம் முன்னே மிதித்து மற்றவர்களை இழுத்துப் போவோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, காற்றே கற்றுக்கொடுத்தது. திரும்பும்போது காற்று முதுகில். ஆனால் மிராசுத் தெரு முனையில் எங்கள் சேரி ஆட்கள் இறங்கியாக வேண்டும். தள்ளிக்கொண்டே போய் மறுமுனையைத் தாண்டித்தான் ஏற வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தானே பலம் அதிகம்.

கோவிந்தனின் அம்மாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுக் கேரியரில் வைத்துக் கூட்டி வந்தான். தெருமுனையில் அவளையும் இறக்கி, வெயிலில் நடத்தித்தான் கொண்டுபோனான். மறுமுனையில் அவள் கேட்டாளாம்: "ஏண்டா, சைக்கிளு வாங்குனதும் தள்ளிக்கிட்டு நடக்கத்தானா?"

அடுத்த வாரம் மறுபடி மருந்துக்குப் போனார்கள். திரும்பும்போது மில் வாசலில் எங்கள் எல்லோருக்காகவும் காத்திருந்தான். "இன்னைக்கு யாரும் எறங்கக்கூடாது. ஒருத்தன் எறங்குனா எல்லாரும் செத்தோம்" என்றான். பயமே இல்லை என்று சொன்னால், செத்துப்போன என் பெண்டாட்டி எழுந்து வந்து சிரிப்பாள்.

முன்னால் கோவிந்தன், அவன் கேரியரில் அம்மா, மடியில் மருந்துப் பை. பின்னால் நாங்கள், சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி. காற்று அன்றைக்கு எங்கள் கட்சி. தெருவுக்குள் புகுந்தபோது பெடலை மிதித்தேனா என்றே ஞாபகமில்லை. காயப்போட்ட நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பண்ணைக் காரியக்காரர் கத்தினார்: "எவண்டா அது! எறங்குங்கடா!"

அம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "காத்து தள்ளுதுங்க சாமி, நிக்கவே மாட்டேங்குதே!"

மறுநாளிலிருந்து பண்ணையில் எங்கள் பெண்களுக்கு நடவு வேலை கிடையாது என்றார்கள். அடுப்பு எரியாத வீடெல்லாம் உண்டு. ஆனால் நாற்று எத்தனை நாள் பொறுக்கும்? முற்றிப்போகும் என்றதும் அவர்களே ஆள் அனுப்பினார்கள். எங்கள் பெண்கள் போனார்கள். நாங்கள் அப்புறம் அந்தத் தெருவில் இறங்கவே இல்லை.

சார் கேட்டுக்கொண்டே இருந்தார். டிவியில் ரேஸ் முடிந்து எவனோ கையைத் தூக்கினான். அவர் பார்க்கவில்லை.

"நம்ம ஊர்ல அதெல்லாம் இருந்ததே இல்லீங்க. எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல. எல்லாரும் தாயா புள்ளையாத்தான் இருந்தோம்."

"எங்கம்மா எறங்கி நடந்துச்சு சார். அது பொய்யா?"

"பழசக் கிளறி என்ன ஆகப்போவுது கோவிந்தா?"

"நேத்து ஓடுன ரேஸையே நீங்க ரெண்டாந் தடவ வந்து பாக்குறீங்க. எங்களுத நாங்க ஒரு தடவ பாக்கக்கூடாதா?"

சார் எழுந்து போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நான் நினைத்தேன். மறுநாள் வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, "யாரு முன்னாடி?" என்று கேட்டார். கோவிந்தனும் பதில் சொன்னான். சார் கெட்ட மனுஷர் இல்லை. நடந்த காலத்தில் அவர் பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தார், தெரியாமலே இருந்திருக்கலாம். ஆனால் தெரியாதது வேறு, நடக்காதது வேறு.

இப்போது அந்தப் பெஞ்சு இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது கடை போயிற்று, அடுத்து கோவிந்தனும் போய்ச் சேர்ந்தான். சார் மகளோடு பெங்களூரில் இருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது. அன்றைக்கு என்னோடு மிதித்தவர்களில் ஒருத்தரும் இல்லை. ரேஸ் பார்க்கலாம் என்றால் போனில் காசு, பாஸ்வேர்டு என்று என்னென்னவோ கேட்கிறது. மிராசுத் தெருவில் சிமெண்ட் ரோடு போட்டு, பையன்கள் பைக்கில் ஹாரன் அடித்துப் பறக்கிறார்கள். பறக்கட்டும். அதற்குத்தானே மிதித்தோம். ஆனால் அங்கே ஒரு காலத்தில் இறங்க வேண்டியிருந்தது என்று ஒருத்தனுக்கும் தெரியாது. நானும் போய்விட்டால், இருந்ததே இல்லை என்று சார் சொன்னதுதான் நிற்கும். நிற்க விடமாட்டேன்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்தப் பக்கம் சைக்கிளில் யார் போனாலும், அந்தத் திருச்சிப் பெண்ணைப் பார்த்தாலும், சொல்லுங்கள். கோவிந்தன் முன்னால் மிதித்தான், அவன் அம்மா கேரியரில் உட்கார்ந்தே அந்தத் தெருவைத் தாண்டினாள் என்று சொல்லுங்கள். யாராவது இல்லை என்றால் சண்டை போட வேண்டாம். அடுத்த ஆளிடம் சொல்லுங்கள்.