வரைபடத்தில் விட்டுப்போன ஓடை

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் சங்கராபுரம் பஸ்கள் ஓடாமல் இருந்த சித்திரை மாதம் அது. கல்வராயன் மலையடிவாரத்தில் சோலார் பண்ணைக்குக் குத்தகைக்கு எடுக்க நிலம் அளந்துகொண்டிருந்தேன். ஓடை செல்லும் நிலத்தில் பேனலோ பேட்டரிக் கொட்டகையோ வைக்கக் கூடாது என்பது விதி. ஓடை எதுவும் என் கண்ணில் படவில்லை. ‘தகுதியானது’ என்று எழுதி, நிலத்துக்காரரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். கிணறு வற்றிப்போய், இந்தக் குத்தகையை மட்டுமே நம்பியிருந்தவர் அவர்.

வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். “சார், ஓடைய வுட்டுட்டீங்களே?”

“எங்கங்க இருக்குது?”

“நீங்க நிக்கிற எடந்தாங்க. உழுது மூடிக்கினு கெடக்கு. ஐப்பசில முட்டி வரைக்கும் தண்ணி போவும். ஏரிக்கு அதாங்க வழி.”

“இத எழுதினா உங்க நெலம் திட்டத்துல சேராதுங்களே!”

“இன்னா பண்றது? ஏரி ரொம்பலன்னா ஊர்ல யாரு நடவு நடுவாங்க?”

அவர் மனைவி நொடித்தார். “அளக்க வந்தவரே வுட்டுட்டாரு. இவுரு புடிச்சிக் குடுக்குறாரு!” சொன்ன கையோடு, ஓடை திரும்பும் இடம்வரை அந்த அம்மாவே முன்னால் நடந்து காட்டினார்.

எழுதியதை அடித்துவிட்டு ஓடையை வரைந்தேன். அவர்கள் நிலம் திட்டத்தில் சேரவில்லை.

கோடையில் அளந்த நிலத்தை மழைக்குப் பிறகு இன்னொரு முறை நடந்து பார்க்காமல் இப்போது நான் எதிலும் கையெழுத்திடுவதில்லை. அந்த இருவருக்கும் என்னால் செய்ய முடிந்த மரியாதை அதுதான்.